ஒன்பதாம் அத்தியாயம் பற்றி

பதிப்பாசிரியர் ஐயாவுக்கு, மணிவண்ணனின் தங்கை பூங்குழலி எழுதுகிறேன்.

தட்டச்சில் எனக்கு வேகம் குறைவு. ஆனால் பிழை விடமாட்டேன். செம்மேட்டில் மாலை வகுப்பு எடுக்கும் அனுராதா டீச்சர் அப்படித்தான் சொல்வார். அண்ணனின் நாவலை நானூற்றுப் பன்னிரண்டு பக்கம் அடித்தது நான்தான். அவர் ஏன் பதில் போடவில்லை என்று இரண்டாவது கடிதத்தில் கேட்டிருக்கிறீர்கள். என் நாட்குறிப்பைப் பார்த்து வரிசையாகச் சொல்கிறேன்.

அண்ணன் ராணுவத்தில் இருந்தவர். கண்ணிவெடியில் இரண்டு கண்ணும் போய் ஊர் திரும்பினார். சனிக்கோளின் நிலவு ஒன்றில் நம் படை போரிடும் கதையை அவர் சொல்லச் சொல்ல இரண்டு வருடம் அடித்தேன். நாவல் நன்றாக வரவில்லை என்று எனக்குத் தோன்றியது. நான் படித்ததே கொஞ்சம் என்பதால் சந்தேகமாகவும் இருந்தது.

உங்கள் முதல் கடிதம் ஜூன் பதினான்காம் தேதி வந்தது. இரண்டு தாள். முதல் தாளை அண்ணனுக்கு நிதானமாக வாசித்தேன். ஏமாற்றமளிக்கும் நாவல், போரில் உயிரில்லை, வீரர்கள் மனு எழுதுவதுபோலப் பேசுகிறார்கள் என்று இருந்தது.

அண்ணன் சிரித்தார். “நீயும் அதையேதான சாமி சொன்னே. என்ர சிப்பாயெல்லாம் தாலூகா ஆபீஸ்ல நிக்கறவனாட்டப் பேசறான்னு.”

இரண்டாம் தாளில், ஒன்பதாம் அத்தியாயத்தைப் படித்தபின் அன்று வேறு வேலை ஓடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். பார்வை போன சிப்பாய், தன்னை அழைத்துப்போக வரும் வண்டியின் ஓசைக்காகக் காத்திருக்கும் அத்தியாயம். அண்ணன் அதை மட்டும் எங்கும் நிறுத்தாமல் சொன்னார். அந்தச் சிப்பாயை வைத்து முதலிலிருந்து எழுதினால் வெளியிடுவோம் என்றிருந்தீர்கள்.

அதை நான் வாசிக்கவில்லை. முதலிலிருந்து என்றால் இன்னும் இரண்டு வருடம். நாமக்கல்லில் எனக்கு வேலை உறுதியாகியிருந்தது. அண்ணன் சொல்ல எழுத எங்கள் ஊரில் வேறு ஆளில்லை. இல்லாத ஒரு வார்த்தையையும் நான் சேர்க்கவில்லை. பாதியில் நிறுத்துவது பொய்யாகுமா என்று நாட்குறிப்பில் எழுதிப் பார்த்தேன். ஆகாது என்றே பட்டது.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கைத்தடியைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு வெளியே போனார். மிளகுத் தோட்டத்துக்குக் கீழே, பள்ளத்தில் கிடந்தார். கண் தெரியாதவர், கால் தவறிவிட்டது என்றார்கள். நானும் தலையாட்டினேன். காரியம் முடிந்து வேலையில் சேர்ந்தேன். சேர்வதற்குப் பத்து நாள் அவகாசம் தந்திருந்தார்கள்.

ஒன்றை விட்டுவிட்டேன். கடிதம் வாசித்து முடித்ததும் அண்ணன் கேட்டார்.

“ஏன் கண்ணு, அந்த ஒம்பதாவது அத்தியாயம்... அதைப் பத்தி ஒரு வரிகூடவா இல்ல?”

இரண்டாம் தாள் என் கையில் இருந்தது.

“இல்லீங்ண்ணா.”

“நல்லாப் பாரு சாமி. பின்னாடி ஏதாச்சும் எழுதியிருப்பாங்க.”

அவர் காதில் விழவேண்டும் என்பதற்காகத் தாளை இரண்டு முறை சத்தமாகத் திருப்பினேன்.

“ஒண்ணுமே எழுதலீங்ண்ணா” என்றேன்.