மூன்றாவது குடம்

எனக்குச் சமையல் நன்றாக வரும். பங்களாவுக்கு வந்தவர்களில் ஒருவர்கூட என் சாப்பாட்டைக் குறை சொன்னதில்லை. குளிர் ஊரில் ரசத்துக்கு மிளகு தூக்கலாக இருக்க வேண்டும், வாந்தி எடுத்த வயிற்றுக்கு முதலில் கஞ்சிதான் கொடுக்க வேண்டும். இதெல்லாம் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. நீங்கள் இதை எழுத வேண்டியதில்லை, சார். முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். நான் அங்கே சமையல்காரனாகத்தான் சேர்ந்தேன்.

பெயர் வீரையா, வயது ஐம்பத்திரண்டு. இலங்கைத் தோட்டத்திலிருந்து எங்கள் குடும்பத்தைத் திருப்பி அனுப்பியபோது நான் கைக்குழந்தை. கொலக்கம்பைக்குக் கீழே இருக்கிற எஸ்டேட் வரிசை வீடுகள்தான் எங்கள் லயம். அதற்கு மேலே, தேயிலைக்கு நடுவில் இருக்கிற பழைய பங்களாவை மூன்று வருடத்துக்கு முன்பு ஜெஃப்ரி குத்தகைக்கு எடுத்தார். இங்கே பக்கத்து வெலிங்டன்காரர்தான், உளவியல் படித்தவர். வெளிநாட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்து, மனிதர்களுக்குக் கடவுளைக் காட்டும் வேலையை ஆரம்பித்தார். நான் கிண்டல் செய்யவில்லை. அதற்காகவே பெங்களூரிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். போனையும் கார் சாவியையும் ஒரு பிஸ்கட் டப்பாவில் வாங்கி வைப்பேன். உள்ளே போன பிறகு எவ்வளவு கெஞ்சினாலும் எங்களை வெளியே விடாதீர்கள் என்று அவர்களே ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார்கள். பிறகு ஜெஃப்ரி தேனில் போட்டுத் தரும் காளானைத் தின்றுவிட்டு, கண்ணைக் கட்டிக்கொண்டு படுப்பார்கள்.

ஆறு மணி நேரம் ஆகும். சிலர் சிரிப்பார்கள், சிலர் செத்துப்போன அம்மாவோடு பேசுவார்கள். ஒருவர் தன் புறங்கையைத் தசை பிய்யக் கடித்துக்கொண்டார். திமிறுகிறவர்களைப் பிடித்துக்கொள்வதும் என் வேலைதான். இப்போது பேசுவது ஆழ்மனம், அதற்குப் பொய் சொல்லத் தெரியாது, மற்ற நேரத்தில் நாம் பேசுவதெல்லாம் வெறும் மேல்பூச்சு என்பார் ஜெஃப்ரி. மறுநாள் காலையில் அவர்கள் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, தெய்வத்தைப் பார்த்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு மலையிறங்கிப் போவார்கள். எனக்கு அது அறவே பிடிக்காது. தெய்வத்தைப் பார்த்தவன் எப்படித் திங்கட்கிழமை ஆபீசுக்குப் போவான்?

திமிறும் உடம்பைப் பிடிக்க என் கைக்குத் தெரியும். எங்கள் லயத்து முனியாண்டி கோயிலில் இருபத்திரண்டு வருடமாகக் கிடா வெட்டுகிறவன் நான்தான். அரிவாள் என் வீட்டில்தான் இருக்கும். கிடாவை இழுத்து வந்தவுடன் வெட்டிவிட மாட்டோம். குளிப்பாட்டி, மாலை போட்டு, தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிவிட்டுக் காத்திருப்போம். அது உடம்பைச் சிலிர்க்க வேண்டும். சிலிர்த்தால் முனியாண்டி உத்தரவு கொடுத்துவிட்டார், கிடாவும் சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். சிலிர்க்காவிட்டால் நேர்ந்தவர் காலில் விழுந்து அழுதாலும் அவிழ்த்து விட்டுவிடுவோம். அப்படி நாலு கிடா என் அரிவாளிடமிருந்து தப்பியிருக்கிறது. உத்தரவில்லாமல் நான் கை ஓங்கியதே இல்லை.

போன ஆடி மாதம் விருந்தாளிகள் யாரும் இல்லாத ஒரு நாளில் ஜெஃப்ரி என்னைக் கூப்பிட்டார். "வீரையாண்ணே, நீங்களும் ஒரு தடவ உள்ள போய்ட்டு வாங்க. மத்தவங்களப் புடிக்கறீங்க, அவங்க எங்க போறாங்கன்னு உங்களுக்கும் தெரியணும்ல." நான் தின்றேன். தேயிலைப் பாத்திகளுக்கு நடுவே முனியாண்டி ஏறி வந்தார். சில்வர் ஓக் மரத்தின் உயரம் இருந்தார். பத்தடி தூரத்தில் நின்று என் இரண்டு கைகளையும் பார்த்தார். இன்னும் ஆடுதானா என்று கேட்டார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

என் அப்பா செத்தபோதுகூட நான் அப்படி அழுததில்லை. எல்லாவற்றையும் ஜெஃப்ரியிடம் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டார். "உள்ள பாத்ததுகிட்டேருந்து ஓடாதீங்கண்ணே. அது என்ன கேக்குதோ அதுக்குச் சரின்னு சொல்லுங்க" என்றார். வருகிற எல்லோரிடமும் அவர் சொல்வது அதைத்தான். நம்பியது நான் ஒருவன்தான்.

தை மாதம் கிருத்திக் வந்தார். கோயம்புத்தூர்காரர், முப்பத்தைந்து வயதிருக்கும். அந்த வாரம் அவர் மட்டும்தான் விருந்தாளி. இரண்டு வருடத்துக்கு முன்பு பர்லியார் வளைவில் அவர் ஓட்டிய கார் பாறையில் மோதி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி இறந்துவிட்டான். அதிலிருந்து தூக்கம் இல்லை, சொந்த மகளைத் தூக்கிக் கொஞ்சவும் பயம். வெள்ளிக்கிழமை காலையில் படுத்தார். நாலு மணி நேரம் ஒரே பேச்சு. "நான் வேண்டாங்க. என்னை எடுத்துக்குங்க. அவனுக்குப் பதிலா என்னை எடுத்துக்குங்க." திமிறிய வேகத்தில் என் உதடு கிழிந்தது. நான் அவருடைய மணிக்கட்டுகளை விடவில்லை. ஜெஃப்ரிக்கு ஒரே சந்தோஷம், 'நான்' என்கிறது செத்துக்கொண்டிருக்கிறது, இதற்காகத்தான் இத்தனை பாடு என்றார். நான் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பொய் தெரியாத மனம் தன் வாயாலேயே தன்னை நேர்ந்துவிட்டது. முனியாண்டி ஆறு மாதமாக எதற்குக் காத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அன்று சாயங்காலம் வீட்டில் என் மனைவி சின்னம்மையிடம் இதைச் சொன்னேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "என்னா பேச்சு பேசுறீங்க? மருந்து தின்னுட்டு ஒளர்றதுக்கெல்லாம் முனியாண்டி காது குடுக்குமா? அந்தப் புள்ள நல்லபடியா ஊரு போய்ச் சேரட்டும்." நல்ல மனுஷிதான், ஆனால் அவள் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. நான் அரிவாளைத் துடைத்து எடுத்துக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் ஜெஃப்ரி ஒரு நண்பரின் ஜீப்பில் மசினகுடிக்குப் போனார், அங்கே இன்னொரு இடம் பார்க்க. கிருத்திக் முழு இரவும் தூங்கி எழுந்திருந்தார். ஐந்து தோசை சாப்பிட்டார். என்னிடம் போனை வாங்கி மகளோடு சிரித்துப் பேசினார். "அண்ணா, என் தம்பி என்னை மன்னிச்சுட்டானுங்க. மத்தியானச் சோறு ஊட்ல திங்கறேன்னு பாப்பாகிட்டச் சொல்லிட்டனுங்க. சாவியக் குடுங்கண்ணா" என்றார். அவர் முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அவர் நன்றாகச் சாப்பிட்டதில் ஆச்சரியப்படவில்லை. நேர்ந்துவிட்ட கிடாவும் கடைசி நாள் வரை நன்றாகத்தான் மேயும்.

கிளம்புவதற்கு முன் ஒரு இஞ்சி டீ குடியுங்கள் தம்பி என்றேன். மீதியிருந்த காளான் தேன் முழுவதையும் அதில் கலந்திருந்தேன். முக்கால் மணி நேரம் காரைத் துடைக்கிறேன், சாவியைத் தேடுகிறேன் என்று போக்குக் காட்டினேன். பிறகு அவருக்குக் கால் நிற்கவில்லை. பங்களாவுக்குப் பின்னால், மரத்தடிக் கல்லில் உட்கார வைத்து, கையைத் துண்டால் கட்டினேன். வெயில் நன்றாக ஏறியிருந்தது.

"அண்ணா, டீயில என்ன போட்டீங்க? நான் ஊட்டுக்குப் போகோணுங்க."

நேற்று நீங்கள்தானே உங்களை எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள் என்று பொறுமையாக ஞாபகப்படுத்தினேன்.

"நேத்துப் பேசுனது நானில்லீங்ணா. இப்பப் பேசறதுதான் நானு."

எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள், சார். அதற்காகத்தானே கையெழுத்து வாங்குவது.

முதல் குடம் மஞ்சள் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். அவர் சிலிர்க்கவில்லை. கண்ணில் வழிந்த மஞ்சளோடு என்னைப் பார்த்து, பாப்பாவுக்கு அஞ்சு வயசுங்க என்றார். காத்திருந்தேன். அடுத்த குடத்துக்கும் அசையவில்லை. வெயில் சூடு அவர் மேல் இருந்தது, அதுதான் காரணம் என்று தோன்றியது. தொட்டியின் அடித் தண்ணீரில் கை வைத்தால் மரத்துப்போகும். அதில் மூன்றாவது குடத்தை மொண்டு வந்து, கழுத்துப் பள்ளத்தில் மெதுவாக விட்டேன். தோளிலிருந்து இடுப்பு வரை சிலிர்த்தார். உத்தரவு கிடைத்துவிட்டது.

கிடா என்றால் எனக்கு ஒரே வெட்டு. மனிதன் கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறான். முதல் வெட்டு தோள்பட்டை எலும்பில் சிக்கியது. அரிவாளைப் பிடுங்க அவர் முதுகில் காலை வைத்து மிதிக்க வேண்டியிருந்தது. அவர் அலறிய அலறலில் மரத்திலிருந்த மைனாக்கள் எல்லாம் பறந்துவிட்டன. மூன்று வெட்டு ஆயிற்று. கடைசி வெட்டு வரை அவருக்கு நினைவு இருந்தது. அந்தக் குறைக்காக நான் வருந்துகிறேன்.

கல்லைக் கழுவினேன். அவர் மேல் துவைத்த வேட்டி ஒன்றைப் போர்த்தினேன். தேயிலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். முனியாண்டி வரவில்லை. நான் பிஸ்கட் டப்பாவில் திரும்பப் போட்டிருந்த அவருடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது. மத்தியானம் தாண்டியும் வரவில்லை. எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் ஜெஃப்ரி சொல்வது நினைவுக்கு வந்தது. சிலருக்கு முதல் தடவையில் ஒன்றும் கிடைக்காது, இன்னொரு தடவை போக வேண்டும் என்பார்.

மறுநாள் காலை என்னைத் தேடி வந்த சின்னம்மை வேட்டியைத் தூக்கிப் பார்த்தாள். எஸ்டேட் ஆபீசுக்கு ஓடி, ஸ்டேஷனுக்குப் போன் போட்டு உங்களுக்குச் சொன்னவள் அவள்தான். அவள் மேல் எனக்கு வருத்தமில்லை. நீங்கள் ஜெஃப்ரியைத் தலைமறைவு என்று எழுதியிருக்கிறீர்கள், மசினகுடிக்கும் ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். வீணாக அலைய வேண்டாம். சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கே நண்பர் அவரை ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார், அவர் நடந்து மேலே வந்தார். பங்களாவுக்குப் பின்னால், தேயிலையில் வெட்டிய கவாத்துக் குச்சிகளைக் குவித்து வைத்திருக்கிறோமே, அதற்கு அடியில் பாருங்கள். அவருக்கும் முறையாகத்தான் செய்தேன். தண்ணீர்கூட ஊற்ற வேண்டியிருக்கவில்லை, என் கையிலிருந்த அரிவாளைப் பார்த்ததுமே அவர் சிலிர்த்துவிட்டார்.