இந்தப் பாறையில் எழுதாதீர்

...இல்ல மக்கா, நான் கேக்கேன், பாறைன்னு ஒண்ணு இருந்தா அதுல பேரு எழுதியே தீரணும்னு எந்த வேதத்துல சொல்லியிருக்கு? ஏறி வாறான், அருவியப் பாக்கான், குளிக்கான், செறி. இறங்கும்போ பெயிண்ட எடுத்து ‘விபின் பிரீனா’ன்னு எழுதி, ஒரு ஹார்ட்டும் வரைஞ்சிட்டுப் போறான். அந்தப் பிரீனா இப்ப வேற ஒருத்தனக் கெட்டி குவைத்துல இருக்கா. பாறை இங்கதான கிடக்கு?

நில்லு மக்கா. என்னது, குருவி பறந்திருமா? என் சத்தத்துக்கா? நான் பையதான் பேசுதேன். கேமராவ அந்தாக்ல வையி. பேச்சிப்பாறையில இருந்து இம்புட்டு தூரம் ஏறி வந்திருக்க, ஒரு வாய் வெள்ளம் குடி. என் பேரு ஞானசிங். நம்ம சபை வாலிபர் ஐக்கியத்துக்குச் செயலாளர். ஆமா, வாலிபர்தான். வயசு அம்பது. வேற வாலிபன் எவனாவது வேலை செஞ்சா நான் எதுக்கு இதுல கிடக்கேன்?

ஈஸ்டருக்கு விடியக்காலம் இந்தப் பாறையில ஏறி நின்னுதான் எங்களுக்கு ஆராதனை. சூரியன் எட்டிப் பாக்கும்போ பாட்டு எடுத்தா, கேட்டியா, எனக்கெல்லாம் கண்ணு நிறைஞ்சிரும். அப்பேர்ப்பட்ட இடத்துல கிறுக்கி வச்சிருக்கானேன்னு ஒரே வெப்ராளம், மனசு கெடந்து எரிஞ்சிது. ஆளத் திரட்டினேன். கொண்டுபோற பிளாஸ்டிக்கத் திரும்பக் கொண்டு வரணும், செடியில கை வைக்கப்பிடாது, சத்தம் கூடாதுன்னு பாடமே எடுத்தேன். குப்பையெல்லாம் பெறக்கினோம். காதலிச்சவன், தோத்தவன், எல்லாவன் பேரையும் தேய்ச்சு எடுத்தோம். பாறை குளிச்சு எந்திரிச்ச மாதிரி ஆயிட்டு.

அதோட இறங்கியிருக்கலாம். இறங்கினமா?

நல்ல காரியம் செஞ்சா நாலுபேருக்குத் தெரியாண்டாமா மக்கா? ‘இந்தப் பாறையில் எழுதாதீர்’னு பாறையில எழுதினோம். மஞ்ச எனாமல். சொல்லுகது யாருன்னு தெரியணும்லா, அதுக்குக் கீழ சபைப் பேரு. பெயிண்ட் வாங்கத் தந்தது சவுதியில இருக்க ஷிபு. அன்பளிப்புன்னு அவன் பேரு போடல்லன்னா அடுத்த கிறிஸ்மஸுக்கு ஸ்டாரு யாரு வாங்கித் தருவா? அவன் பேரு வந்தா பொருளாளர் ஆன்ட்ரூஸ் விடுவானா? பெண்கள் ஐக்கியத்துல தேவகனி டீச்சர், ‘குப்பை பெறக்க நாங்க, பேரு மட்டும் ஆம்பிளைக்கா’ன்னு கேட்டாங்க. ஞாயம்தான. எழுதி முடிச்சுப் பாத்தா பாறையில உக்கார எடமில்ல.

மறுநாள் வனக்காவலர் பிரதீஷ் வந்து பாத்திருக்கான். துப்பறிய வேண்டிய வேலையே அவனுக்கு இல்ல. பேரு, பதவி, என் போன் நம்பர், எல்லாம் நாங்களே எழுதிக் குடுத்திருக்கோம்லா. ரேஞ்சர் ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு. பாறை பழையபடி ஆகாம ஈஸ்டருக்கு ஒரு ஆளும் மேல ஏறப்பிடாது. நாளைக்குப் பாக்க வாறாரு. ஞாயித்துக்கிழமை ஈஸ்டர். ஆராதனை முடங்கினா சபையில என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?

டர்பன்டைன் கொண்டு வந்தேன். பிரதீஷ் பிடுங்கிட்டான். ஓடையில இறங்கினா மீனு சாவுமாம். அதும் நேருதான், உள்ளதத்தான் சொல்லுதான். பின்ன என்ன, கம்பி பிரஷும் வெள்ளமும்தான். தொணைக்கு ஒருத்தன் வரல்ல. ஆன்ட்ரூஸுக்கு இடுப்பு வலி. டீச்சர் போன் பண்ணி, ‘எம்பேரைக் கடைசியில அழியுங்க’ன்னு சொல்லுதாங்க. ஷிபு வீடியோ கால்ல வந்து, அழிக்க முன்ன ஒரு போட்டோ அனுப்பு அண்ணேங்கான்.

எல்லாம் தேய்ச்சிட்டேன். உள்ளங்கையப் பாரு, தோலு உரிஞ்சு கிடக்கு. அந்த மூலையில மட்டும் கொஞ்சம் மிச்சம். ஆமா... ‘ஞானசிங், செயலாளர்’. மத்த பேரவிடக் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கு. எழுதினது நான்தான.

காலையில இருந்து பிரஷ எடுக்கேன், வைக்கேன். கை போகமாட்டேங்கு மக்கா. ரேஷன் கார்டுலயும் கல்யாணக் கார்டுலயும் வந்த பேரு. இம்புட்டு பெருசா, இம்புட்டு உசரத்துல ஒருநாளும் நான் அதப் பாத்ததில்ல.

நீ வெளியாளு. உனக்கு ஒண்ணும் தோணாது. இந்தா பிரஷ், நல்லா அமத்தி நாலு இழுப்பு இழு. நான் அந்தாக்ல திரும்பி நிக்கேன்.

...இழுக்கியா? சத்தத்தக் காணல்லியே.

மக்கா?

கொள்ளாம், நல்லாருக்கு. கேமராவயும் தூக்கிட்டு எறங்கிட்டான். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போப்பிடாதா...

செறி. மொதல்ல ‘செயலாளர்’ போகட்டு.