குறை என்று ஒரு சொல்

பேச்சை இங்கே கொஞ்சம் நிறுத்திட்டு, ஒரு சின்னக் கதை சொல்றேன்... கேளுங்க.

தெற்கே கடற்கரை ஓரமா ஒரு ராக்கெட் கம்பெனி. அங்கே தொழிலாளிகளுக்கான கையேட்டைத் தமிழ்ல எழுதினவ ஜெசிந்தா. அதுல ஒரு சொல் வந்தது... 'அல்லேஜ்'. ராக்கெட் டேங்க்கை விளிம்பு வரைக்கும் நிரப்பக் கூடாது. மேல கொஞ்சம் காலியா விடணும். அந்தக் காலி இடத்துக்குத்தான் அந்தப் பேரு.

ஜெசிந்தா வேரைத் தேடினா. எங்கே போய் நின்னது தெரியுமா? பழைய பிரெஞ்சுல. தேங்காய்க்கு நாம கண்ணுன்னு சொல்றோமில்லையா, அவங்க ஒயின் பீப்பாயோட ஓட்டையைக் கண்ணுன்னு சொன்னாங்க. ஒயின் குறைஞ்சா அந்தக் கண்ணு வரைக்கும் ஊத்தி நிரப்புவாங்க. முதல்ல, அப்படி நிரப்புறதுக்குத்தான் இந்தச் சொல். பின்னால, எவ்வளவு குறையுதோ அதுக்கே பேராயிடுச்சு.

சரி... ஜெசிந்தா அதைத் தமிழ்ல 'குறை'ன்னு எழுதிட்டா. "டேங்க்கில் ஐந்து சதவீதம் குறை உள்ளதா எனப் பார்க்கவும்." தப்பா? அகராதிப்படி தப்பே இல்ல.

அதைப் படிச்சவர் சுடலைமணி. வெல்டரா இருந்து, டேங்க் நிரப்புற வேலைக்குப் புதுசா வந்தவர். சோதனைக்காகத் திரவ நைட்ரஜன் ஏத்துறாங்க. பார்த்தார்... அஞ்சு சதவீதம் குறை இருந்தது. குறை இருந்தா நாம என்ன செய்வோம்? நிரப்பிட்டார்.

கொஞ்ச நேரத்துல திரவம் விரிஞ்சது. போக இடமில்ல. வால்வு பிச்சுக்கிட்டு, அந்தக் கடுங்குளிர் அவர் கையில அடிச்சது. ரெண்டு விரல் போச்சு.

ஜெசிந்தா ஆஸ்பத்திரிக்குப் போனா.

"அண்ணாச்சி... அந்தச் சொல்லை எழுதினது நான்தான்."

அவர் சொன்னார், "குறைன்னா நிரப்பணும்னுதானம்மா நெனச்சேன்."

குரல்ல கோபம் இல்ல. அதுதான் அவளுக்குத் தாங்கல.

"நீங்களா இருந்தா என்னன்னு எழுதுவீங்க?"

"இத முன்னாலயே கேட்டிருக்கலாம்லா..." கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கிட்டே சொன்னார், "நிரப்பாம விடுற இடம்னு போடும்மா."

அப்படியே போட்டா. அடுத்த கையேட்டை அச்சுக்குக் கொடுக்கிறதுக்கு முன்னால, எட்டுத் தொழிலாளிகளை உட்கார வச்சு வரி வரியா வாசிச்சா. இன்னும் பதினோரு சொல்லை மாத்த வேண்டி வந்தது.

கலைச்சொல் தொகுக்க வந்திருக்கிற நண்பர்களே... ஒரு சொல் எங்கேயிருந்து வந்ததுன்னு தேடுறோம். தேடணும். ஆனா அது யார் கைக்குப் போகுது? அதை யார் தேடுறது? நம்ம பட்டியல்ல நாலாயிரம் சொல் இருக்கு. அதுல ஒண்ணையாவது, அதை வச்சு வேலை செய்றவங்ககிட்ட வாசிச்சுக் காட்டினோமா?

நான் காட்டல... இன்னிக்கு மத்தியானம் நம்ம பட்டியலை எடுத்துக்கிட்டு ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போறேன். கூட வர்றவங்க வாங்க.