கை படாத மீன்

ஆட்டாத, தலைய ஆட்டாத. துண்டு நழுவுதுல்ல. ஐஸ் பெட்டித் தண்ணில முக்கி எடுத்துப் போட்டிருக்கேன், கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கோ வில்பெர்த். உப்பும் வேர்வையும் எறங்கி ரெண்டு கண்ணும் கோவப்பழமா செவந்து கெடக்கு. தூண்டில் நரம்பு எந்தப் பக்கம் போகுதுன்னு நான் பாத்துக்குறேன். இந்தச் சுழல் சேரத் திருப்பத்தானே பின்னாடி நிக்குறேன். நீ கால நல்லா உதைச்சு உக்காரு, போதும்.

தொடலடா சாமி, தொடல. தோள்வாரத்தான் இழுத்து விட்டேன். வாரத் தொடலாம், சேரத் தொடலாம், உன் மண்டையில நாலு தட்டுகூட தட்டலாம். ராடு, ரீலு, நரம்பு, இந்த மூணுல அடுத்தவன் வெரலு பட்டாத்தான் மீனு கணக்குல வராது. எனக்கே பாடம் எடுக்குறியா நீ? நம்ம மீன்பிடிச் சங்கத்துச் சுவத்துல அந்தச் சட்டத்த ஆணியடிச்சு மாட்டுனவனே நான்தான். ஆணி உன் கடை ஆணி, அது வேற விஷயம்.

மணி ரெண்டேகால். காலைல ஒம்போதுக்கு மாட்டுச்சு. அஞ்சேகால் மணி நேரமாச்சு மாப்ள. கெப்போஸ் கரையே கண்ணுக்குத் தெரியல, அவ்ளோ தூரம் இழுத்துட்டு வந்திருச்சு. மேல எவேலியோவப் பாரு, சரி சரி, பாக்காத, நான் சொல்றேன். படகப் பின்னுக்கு ஓட்டி ஓட்டிக் கழுத்து சுளுக்கிப்போயி ஒரு பக்கமாவே நிக்குறான். காலைல தின்ன சோறும் கறுப்பு பீன்ஸும் எப்பவோ செரிச்சிருச்சு. இந்தா, இளநி. குழாய உதட்டுல வைக்கிறேன், உறிஞ்சு. எல்லாம் கழுத்துல வழியுது பாரு. இன்னொரு தடவ. உதட்ட மூடிக் குடிடா.

நரம்ப அறுத்துரலாமா? 

சரி, கேக்கல. அஞ்சாவது தடவையா கேட்டுட்டேன், விடு. எவேலியோவும் நீ வாயத் தொறந்து சொல்லாம கத்திய எடுக்க மாட்டான், தெரியும். மார்லின் மாதிரி பெரிய மீனு மாட்டுனவன் மனசுதான் இங்க எஜமான். இருவது வருஷமா உனக்கு ஒரு மார்லின் அமையல. சங்கத்துல உன்ன மத்தி மாமான்னு கூப்புடுறானுங்க, அதுவும் தெரியும். இன்னைக்கு மார்லின் புடிச்ச நீலக் கொடியப் பறக்கவிட்டுக்கிட்டுத்தான் கரைக்குப் போவேன்னு சொல்ற. எல்லாம் சரி. அந்த இடது கை இப்ப எப்படி இருக்கு?

எறும்பு ஊருதா? முன்னாடி முழங்கை வரைக்கும்னு சொன்ன, இப்போ தோளுக்கே வந்திருச்சா? வெரல மடக்கிக் காட்டு. எல்லா வெரலும். சுண்டு வெரலு? நீ மடக்கிட்டதாச் சொல்ற. சரி.

இரு, ரீலு சூடேறிப் போச்சு. தண்ணி ஊத்துறேன். பாட்டில்லேர்ந்துதான்டா ஊத்துறேன், அசையாம இரு. வாரு கொக்கியும் சூடா இருக்கு, அதுக்கும் கொஞ்சம். அவ்ளோதான். துண்டக் கண்ணு மேல இறக்கி விடுறேன்.

வலப்பக்கம் போகுது. திருப்புறேன், இடுப்ப இறுக்கிக்கோ. ம், சரி.

என்ன? லேசாயிருச்சா? ஆமா, நரம்பு ஓடுது, சத்தம் கேக்குது. ஓடட்டும் விடு. களைச்சிருக்கும், அதுவும் உசுருதானே. இழுக்காத. கொஞ்ச நேரம் சும்மா சாஞ்சு இரு, அது ஓடி முடிக்கட்டும். அதுவரைக்கும் நான் ஒண்ணு சொல்றேன், கேளு.

நம்ம டனிலோ விஷயம்.

பாத்தியா, ஒடனே வானத்தப் பாக்குற மாதிரி மூஞ்சியத் திருப்புற. துண்டுக்குள்ளயே தெரியுது. கரையில இதப் பேச வந்தா எந்திரிச்சுப் போயிருவ. உன் கடைக்கு எத்தன நாளு வந்திருப்பேன், இன்னைக்குச் சொல்லிரணும்னு வருவேன். நீ ஆணிய அள்ளித் தராசுல கொட்டிக்கிட்டே மழை எப்போ விடும்னு கேப்ப. நானும் மழையப் பத்திப் பேசிட்டு வந்திருவேன். இங்க எங்க போவ? வாரு ரெண்டும் ரீல்ல மாட்டியிருக்கு. நான் மட்டும் எங்க போறது, சேர விட்டா மீனு உன்னப் பக்கவாட்டுல சாச்சு முதுக ஒடிச்சிரும். ரெண்டு பேரையும் ஒரே மீனு கட்டிப் போட்டிருக்கு. அதான் இன்னைக்குச் சொல்றேன்.

அவன் வாதம் வந்து விழுந்தப்புறம் நீ ஒரே ஒரு தடவ போயிப் பாத்த. அதுவும் வாசல்லயே நின்னுட்டு, பழத்தக் குடுத்துட்டு வந்துட்ட. உன்னக் குத்தம் சொல்லல. பஸ் ஓட்டும்போது அலாஹுவேலா ரூட்டு பூராவும் பேசிக்கிட்டே ஓட்டுன மனுஷன், இப்போ தண்ணி கேக்கவே ரெண்டு நிமிஷம் குழறுறான், பாக்கக் கஷ்டந்தான். நான் ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம போறேன், சவரம் பண்ணிவிட. இடது கன்னம் தொங்கிப் போயிருக்கு. ஒரு கையால தோல மேல இழுத்துப் புடிச்சாத்தான் கத்தி ஓடும். நாப்பது வருஷமா கத்தி புடிக்கிறேன், அந்த ஒரு கன்னத்துக்குத்தான் எனக்கு ரெண்டு மடங்கு நேரம் ஆகுது. கண்ணாடில என்னையே பாத்துக்கிட்டிருப்பான். ஒரு வார்த்த கேட்டதில்ல. கேட்டாலாவது காலுல விழுந்துருவேன்.

சொல்றேன், சொல்றேன், இரு. இடப்பக்கம் வருது. திருப்பிட்டேன்.

ஆறு வருஷம் முன்னாடி பர்ரா ஆத்துக்குப் போனோமே, நீயும் எவேலியோவும் ஒரு படகு, நானும் டனிலோவும் ஒரு படகு. மழை வேற. நீங்க வளைவத் தாண்டிப் போயிட்டீங்க. அப்பத்தான் அவனுக்கு அந்த டார்பன் மீனு மாட்டுச்சு. ஆள் ஒசரம் இருக்கும், ஆத்துக்கு மேல வெள்ளித் தகடாட்டம் எகிறி எகிறி விழுது. சின்னப் படகு, சேரு கீரு ஒண்ணும் கெடையாது, நின்னுக்கிட்டே இழுக்குறான். மூணு மணி நேரம். நான் எதுத்தாப்ல பலகையில உக்காந்து, விடாத விடாத, சங்கத்துலயே பெரிய மீனு இதுதான்னு கத்திக்கிட்டிருக்கேன்.

அப்போ அவன் சொன்னான், ஓல்மான், இடது கை வரலடா, கொஞ்சம் புடின்னு.

ஆமாடா. அவன்தான் சொன்னான். கேட்டான். புடிக்கச் சொல்லிக் கேட்டான்.

நான் புடிச்சா கணக்குல வராது, அரை மணி நேரம் தாங்கிக்கோன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடியும் கேட்டான். நான் என்ன செஞ்சேன் தெரியுமா? தெரியாத்தனமா வெரலு பட்டுறக் கூடாதேன்னு ரெண்டு கையையும் பின்னால கட்டிக்கிட்டேன். மூணாவது தடவ என்னமோ சொன்னான், வாயில துணி வச்ச மாதிரி இருந்துச்சு. கூத்தடிக்கிறான்னு நெனச்சுச் சிரிச்சேன் வில்பெர்த். சிரிச்சேன்டா நான்.

மீனு படகோரமா வந்துச்சு, மீன் வாயோரத்துக் கடைசி நரம்ப மட்டும் அடுத்தவன் புடிக்கலாம், அத நான் எட்டிப் புடிச்சேன், கணக்காயிருச்சு. ஜெயிச்சுட்டோம்னு திரும்பிப் பாத்தா, தேங்குன மழைத் தண்ணில உக்காந்திருக்கான். வாய் ஒரு பக்கமா போயிருச்சு. மீன் கணக்குல வந்துச்சு, மனுஷன் வரல.

ஆஸ்பத்திரி வராண்டாவுல நீதான் என்னக் கேட்ட, ஏன்டா அவன் விடலன்னு. நான் சொன்னேன், எவ்வளவோ சொல்லியும் அவன் விடவே மாட்டேன்னுட்டான்னு. அந்த ஒரு வாக்கியந்தான். வாயிலேர்ந்து வந்ததும் திருப்பி எடுத்திருக்கலாம். நீங்க எல்லாம் அழுதுகிட்டே அத ஒரு பெருமையா ஆக்கிட்டீங்க. மரத்துல மீன் செதுக்கி சங்கத்துல மாட்டுனீங்க, கீழ அவன் பேரு. வருஷா வருஷம் கிளாஸத் தூக்கி, டனிலோ மாதிரி விடாம நிக்கணும்னு நீ சொல்லுவ. நானும் தூக்குவேன். குடிக்காம கீழ வச்சிருவேன்.

இப்ப நீ இதுல உக்காந்து, அறுத்துரலாமான்னு நான் கேட்டப்பல்லாம் என்ன சொன்ன? டனிலோ விட்டானான்னு கேட்ட. விட்டான்டா. மூணு தடவ விட்டான். வாங்கிக்கத்தான் ஆளில்ல. அப்படியொரு டனிலோவே கெடையாது, இல்லாத ஒருத்தனோட மல்லுக்கு நிக்குற நீ.

அழறியா, துண்டுலேர்ந்து தண்ணியா? எதுவோ ஒண்ணு. பரவால்ல.

என்ன முனகுற? உன் கதை வேறயா? வெறும் களைப்பா? சுண்டு வெரலு மடங்கலடா. மடக்கிட்டதா நீ சொன்ன, நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். இளநி பூரா இடது பக்கமா வழிஞ்சுச்சு. நான் சவரம் பண்ற ஆளு, மூஞ்சிய விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?

இன்னும் கொஞ்ச நேரமா? மீன்தான் களைச்சிருச்சேன்னா?

சரி, துண்ட எடுக்குறேன். கண்ணத் தொற. மீனப் பாக்காத, ரீலப் பாரு. பிரேக்க எங்க வச்சிருந்த, முக்காவாசியில. இப்ப எங்க இருக்கு? தண்ணி ஊத்துனேன்ல, அப்பவே இந்த வெரலால பின்னால தள்ளி லூசாக்கிட்டேன். மீனு களைக்கவே இல்ல. கால் மணி நேரமா கணக்குல இல்லாத மீனுக்குத்தான் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க.

மேல எதுக்குப் பாக்குற? நான் தள்ளுனத எவேலியோவும் பாத்தான். பாத்துட்டுத் தொப்பிய இறக்கி விட்டுக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிட்டான்.

திட்டு. நல்லாத் திட்டு. எங்கம்மாவ மட்டும் விட்டுரு. சாட்சிக் காயிதத்துல ஓல்மான் தொட்டான்னு நானே பெருசா எழுதிக் குடுக்குறேன். கரைக்குப் போனதும் என்கூடப் பேசாத, என் கடைக்கு வராத, தாடி வளத்துக்கோ. நேரா டாக்டர்கிட்டதான் போறோம், அங்கயும் என்கூடப் பேசாமலே வா.

இப்போ கைய எடு வில்பெர்த். நான் புடிச்சுக்குறேன்.