கிகிரிக்கு ஆயிரம் நாள்

இல்ல தம்பி, அங்க உக்காராதீங்க, வெயில் மூஞ்சியிலயே அடிக்கும். இப்படி வாங்க, ஃபேனுக்கு எதிர்ல. பார்லி தண்ணி ஐஸ் போட்டு வெச்சிருக்கேன், மொதல்ல அதைக் குடிங்க. பஸ்ஸை விட்டு இறங்கினதும் போன் பண்ணுங்க, நான் வந்து கூட்டிட்டுப் போறேன்னு எழுதியிருந்தேன்ல? நீங்க பாட்டுக்கு நேரா வந்து நிக்கிறீங்க. என்னது, மலைப் பக்கத்துப் பாதையிலயா? தோப்பு வழியாவா? சரி சரி, நல்லதாப் போச்சு. எனக்கு ஒரு நடை மிச்சம். பஸ் ஸ்டாப்பிலேருந்து வர்ற ஏத்தத்துல ஏறினா என் முட்டி ரெண்டும் மாத்தி மாத்தித் திட்டும்.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நெட்டுல பிவான்னு பேர் போட்டு அஞ்சு மாசமா உங்களுக்கு எழுதினது நான்தான். காலேஜ் பையன்னு நினைச்சிருப்பீங்க. எல்லாரும் அதைத்தான் நினைக்கிறாங்க. போன வருஷம் ஃபுகுவோகாவுல நம்ம பூச்சிக்கூண்டு விளையாட்டு ரசிகருங்க கூட்டம் நடந்துச்சே, அங்க வாசல்ல நின்ன பொண்ணு, பேரனைக் கூட்டிட்டு வந்தீங்களா பாட்டின்னு கேட்டா. பாட்டியாம்! கிகிரியோட ரெண்டாவது கட்டத்துல முதுகுல எத்தனை வளையம்னு திருப்பிக் கேட்டேன். பத்துன்னு சொன்னா. பதிமூணு. போயி எண்ணிட்டு வா, அப்புறம் என்னைப் பாட்டின்னு கூப்பிடுன்னேன்.

அந்தச் சத்தமா? என் வீட்டுக்காரர்தான், பின்னாடி கம்பிக்கு அரம் போடறாரு. எதுக்குன்னு சொல்றேன், இருங்க. உங்களுக்கு என்ன அவசரம்? நாலே கால் பஸ்தானே? நாலு மணிக்கு இன்னும் ரெண்டு பேர் வர்றாங்க. உங்க கிகிரியைப் பாத்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க. அவங்களுக்கும் சேத்துத்தான் தர்பூசணி வாங்கினேன். அதுவரைக்கும் நாம ரெண்டு பேரும் பேசிட்டிருப்போம். நம்ம புழுவைப் பத்திப் பேச எனக்கு இந்த ஊருல யாரு இருக்கா?

விளையாட்டுப் பொட்டியைக் கொண்டு வந்திருக்கீங்கல்ல? ம், மடியிலயே இருக்கட்டும், இப்பத் திறக்க வேண்டாம். பச்சைப் பொட்டி. இந்தப் பச்சை இப்பக் கிடைக்கிறதில்லை.

எனக்கு ஏன் கிகிரியை இவ்வளவு பிடிக்கும்னு ஒரு தடவை கேட்டு எழுதினீங்க. நான் பதிலே போடலை. இப்பச் சொல்றேன். மத்ததெல்லாம் பாருங்க, நெருப்புக் கக்குற தும்பி, கவசம் போட்ட வண்டு, வாலாலயே வீட்டை இடிக்கிற தேளு. எல்லாம் சண்டை போட்டு வளருற ஜாதி. இது ஒரு வெள்ளைப் புழு. கண்ணு கிடையாது. கொழுகொழுன்னு, வேக வெச்ச மாவு மாதிரி. தெரிஞ்ச வித்தை ஒண்ணே ஒண்ணு, கொறிக்கிறது. அதுவும் மூணு தடவைக்கு ரெண்டு தடவை தவறிடும். ஆனா அதை ஒரு மரத்துல வெச்சுட்டு சும்மா விட்டுட்டோம்னா வளரும். ஆயிரம் நாள். தினமும் காலையில மரத்தடியில ஒரு சிட்டிகை மரத்தூள் விழுந்திருக்கும், அவ்வளவுதான். உள்ள என்ன பண்ணுதுன்னு திறந்து பாத்தா செத்துப்போயிடும். யாருக்கும் குடுக்க முடியாது, மாத்திக்க முடியாது. எந்தப் பொட்டியில வெச்சமோ அந்தப் பொட்டியோடதான் அது. பொட்டியை எங்க தூக்கிப் போட்டாலும் உள்ளே இருக்கிற கடிகாரம் ஓடிட்டே இருக்கும், அதுவும் தின்னுட்டே இருக்கும். எத்தனை பிள்ளைங்க பொறுத்தாங்க? ஒரே மாசத்துல சலிச்சுப்போயி அழிச்சுட்டாங்க. நாடு முழுக்க வெளிய வந்த கிகிரி நாப்பது தேறாது. அதுல ஒண்ணு உங்க மடியில இருக்கு.

என்னை எடுத்துக்கோங்க, நான் கன்னியாஸ்திரீங்க பள்ளிக்கூடத்துல படிச்சவ. பன்னெண்டு வருஷம் அளவுகோலாலயே பொறுமையைச் சொல்லிக் குடுத்தாங்க. ஏறலையே. சோறு வேகறதுக்குள்ள நாலு தடவை மூடியைத் திறந்து பாக்கிறவ. சிஸ்டருங்களால ஆகாததை இந்தப் புழு செஞ்சுது. என்னை உக்கார வெச்சுருச்சு.

நிஜப் புழு பாத்திருக்கீங்களா? நீங்க டவுன்காரரு. இதோ, ஜன்னல் வழியாப் பாருங்க, அந்த மூணாவது பிவா மரம், ஆரஞ்சுப் பழம் காய்க்குமே. இந்த மே மாசம் கூட அறுபது கிலோ காய்ச்சுது. இலையெல்லாம் கருகருன்னு என்ன செழிப்பு. ஆனா உள்ள ஒருத்தன் உக்காந்திருக்கான். ரெண்டு வருஷம், மூணு வருஷம், சத்தமே இல்லாம தின்னுட்டு. பட்டையைப் பாத்தா ஒண்ணும் தெரியாது. அடியிலதான் பாக்கணும். தூள். தூளைப் பாத்துட்டா துளையைத் தேடணும். துளை கிடைச்சா கம்பி. அவசரப்பட்டுக் குத்தினா வளைஞ்சுக்கும். மெதுவா, அவன் போன வழியிலயே வளைஞ்சு வளைஞ்சு போகணும். கடைசியில மெத்துன்னு ஒண்ணு தட்டுப்படும். அங்க ஒரே அழுத்து. அதுக்குத்தான் அவரு முனை சீவிட்டிருக்காரு.

ஏன் தம்பி, தண்ணி அப்படியே இருக்கு? குடிங்க.

யாருக்காக ஆரம்பிச்சேன்னா? என் பொண்ணுக்காக. கோயுகி. ஒம்பது வயசு. நாகசாகி துறைமுகத்துப் பக்கம் இருக்கிற கடையில ஒரே ஒரு நாள், ஆகஸ்ட் நாலாம் தேதி, கிகிரி குடுத்தாங்களே, அன்னிக்கு நாலு மணி நேரம் வரிசையில நின்னேன். நீங்களும் அன்னிக்கு அங்கதான் வாங்கினதா எழுதியிருந்தீங்க. எந்தப் பக்கம் நின்னீங்க? உள்ளயா? ஏசி போட்டிருந்துச்சா? குடுத்து வெச்சவரு. எங்களை மொட்டை மாடியில, கார் நிறுத்துற இடத்துல காய வெச்சாங்க. எல்லாரையும் அங்கதான் நிறுத்தினாங்கன்னு இத்தனை நாளா நினைச்சிட்டிருந்தேன்.

அவ ஒரு நோட்டு வெச்சிருந்தா. கோடை லீவு வீட்டுப்பாடம், பூச்சி வளர்க்கிற குறிப்பு. மத்தப் பிள்ளைங்க நிஜ வண்டை வளர்த்து எழுதுவாங்க, இவ கிகிரியை எழுதினா. டீச்சர் ஒத்துக்க மாட்டாங்கடின்னேன். ஒத்துக்காட்டி டீச்சருக்குப் பூச்சியைப் பத்தி என்ன தெரியும்னா. வாயில என்னைக் கொண்டு பொறந்திருந்தா. மொதல் பத்து நாள் மட்டும் தினம் ஒரு இலை வைக்கலாமே, நம்ம இஷ்டத்துக்கு? அந்த இலைக்குத் தக்கபடிதானே பின்னாடி றெக்கையில புள்ளி விழும். அவ தினமும் பிவா இலை வெச்சா. நோட்டுல தேதி போட்டு இருக்கு. அஞ்சாம் தேதி, பிவா. ஆறாம் தேதி, பிவா. பதிமூணு வரைக்கும் பிவா. ஒம்பது இலை.

பதினாலாந் தேதி காலையில இலை வைக்கிறதுக்கு முந்தியே கிளம்பிட்டா. தினமும் அப்படித்தான், எழுந்ததும் பொட்டியைத் தூக்கிட்டு வீடு வீடாப் போயி, இன்னிக்கு எவ்வளவு தூள் விழுந்திருக்கு பாருங்கன்னு காட்டணும். அன்னிக்கும் இந்த மாதிரிதான், செத்தவங்க வீட்டுக்கு வர்ற நாளுங்க, எல்லா வாசல்லயும் விளக்கு. பெரியவங்களுக்கும் காட்டிட்டு வர்றேன்னுட்டு மலைப் பாதையில கல்லறைப் பக்கம் போனா. திருப்பத்துல ஒரு கார்.

ஆமா. எட்டு வருஷம் ஆச்சு. இன்னிக்குத்தான் பதினாலாந் தேதி.

வண்டிக்காரன் நிக்காமப் போயிட்டான்னு போலீஸ்ல எழுதினாங்க. தொப்பி கிடைச்சுது, வலை கிடைச்சுது, ஒத்தைச் செருப்பு கிடைச்சுது. பொட்டி கிடைக்கலை. சரிவுல உருண்டிருக்கும்னாங்க. நானும் அவரும் மூணு கோடை அந்தச் சரிவுல புல்லைச் செதுக்கிச் செதுக்கிப் பாத்தோம். ஒரு ராத்திரி சோறு வடிக்கும்போது எனக்குத் தோணுச்சு. நிக்காமப் போனவன் பொட்டியை எப்படிக் கொண்டு போவான்? அவன் நின்னிருக்கான். இறங்கியிருக்கான். கிட்ட வந்து பாத்திருக்கான். டாக்டர் சொன்னாரு, அவளுக்கு அதுக்கப்புறமும் நாப்பது நிமிஷம் மூச்சு இருந்துச்சாம். குனிஞ்சவன் அவளைத் தூக்கலை. பொட்டியைத் தூக்கியிருக்கான்.

அன்னையிலேருந்து தேடறதை விட்டுட்டேன். ஒரு பொட்டி வாங்கி, விளையாடக் கத்துக்கிட்டேன். கிகிரியை அவன் யாருக்கும் குடுக்க முடியாது. அது உள்ள தின்னுட்டுத்தான் இருக்கும். ஒரு நாள் வெளிய வரும். ரசிகனா இருந்தா, அதைப் பாத்துட்டு ஊருக்குச் சொல்லாம அவனால இருக்க முடியாது. நமக்குத் தெரியாதா நம்ம ஜாதியை? ஆயிரம் நாள் போச்சு, ரெண்டாயிரமும் போச்சு. மார்ச் மாசம் நீங்க படம் போட்டீங்க. றெக்கையில ஒம்பது ஆரஞ்சுப் புள்ளி, பத்தாவது இடம் காலி. ஆளாளுக்கு, அதிசயம், கோளாறுன்னு எழுதினாங்க. நான் ஒண்ணுதான் கேட்டேன், ஞாபகம் இருக்கா? பத்தாவது நாள் ஏன் இலை வைக்கலைன்னு. மறந்துட்டேன்னு எழுதினீங்க.

உக்காருங்க தம்பி. உக்காந்தே கேக்கலாம்.

பழைய சாமான் கடையில வாங்கின பொட்டியான்னு நாலு தடவை கேட்டேன். ஆமான்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தா, அந்தக் கடைக்காரனைத் தேடிப் போயிருப்பேன். இல்லவே இல்ல, என் கையால வரிசையில நின்னு வாங்கினது, என் கையால மரத்துல வெச்சதுன்னு எழுதினீங்க. அடுத்தவங்க வளர்த்ததைப் பழசா வாங்கின கிகிரின்னா நம்ம ஆளுங்க மூக்கைச் சுளிப்பாங்கல்ல, அந்த வீம்புக்குச் சொன்ன பொய்யோன்னும் யோசிச்சேன். அஞ்சு மாசம் யோசிச்சேன், நானு! அதுக்குத்தான் உங்களை வரச் சொன்னேன். அதுக்குத்தான் வழியே சொல்லலை. கீழ ரோட்டுல வந்திருந்தீங்கன்னா, சத்தியமாச் சொல்றேன், தர்பூசணியைக் குடுத்துட்டு எந்தக் கடைன்னு இன்னொரு தடவை கேட்டிருப்பேன். அந்த மலைப் பாதையை அன்னையிலேருந்து கயிறு கட்டி மூடி வெச்சிருக்கு. வரைபடத்துல கிடையாது. நாங்களே இப்ப அந்தப் பக்கம் போறதில்லை. முன்னாடி அதுல வந்தவங்களுக்குத்தான் அது தெரியும்.

அரம் போடற சத்தம் நின்னுருச்சுல்ல? வாசலுக்கு வந்துட்டாரு. பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ண மாட்டாரு. காலையிலயே சொல்லி வெச்சுட்டேன், கம்பி மரத்துக்குத்தான்னு. நாலு மணிக்கு வர்ற ரெண்டு பேரும் போலீஸ் ஸ்டேஷன்லேருந்து வர்றாங்க. நோட்டு அவங்ககிட்டதான் இருக்கு.

பொட்டியை அழுத்திப் பிடிக்காதீங்க, கீல் ஏற்கெனவே விரிசல். அழிச்சுடலாம்னு பாக்கறீங்களா? அழிங்க. படத்தை ஆயிரம் பேர் எடுத்து வெச்சிருக்கோம். ஒரே ஒரு இடத்தை மட்டும் நாங்க யாரும் பாக்கலை. திரையில மொதல்ல வாங்கினவங்க பேர் இருக்கிற இடம். ஒரு தடவை போட்டா மாத்தவே முடியாதே, அதும் மேல கட்டைவிரலை வெச்சுப் படம் எடுத்திருந்தீங்க. அன்னிக்கு அந்த மொட்டை மாடியில, பொட்டி பேர் கேட்டப்போ கோயுகி ரொம்ப நேரம் யோசிச்சா. அப்புறம், நாலு மணி நேரம் வெயில்ல நின்னது நீதானேம்மா, உன் பேரையே போட்டுடறேன்னுட்டா.

கிகிரி கிகிரின்னு இவ்வளவு நாள் எழுதினோம், நீங்க என் பேரைக் கேக்கவே இல்ல பாத்தீங்களா? வாசல் பலகையிலயும் அவரு பேருதான் இருக்கு.

திறங்க. அந்தக் கட்டைவிரலை எடுங்க. படிங்க. இன்னும் கொஞ்சம் சத்தமா, ஃபேன் சத்தத்துல காதுல விழலை.

சொல்லுங்க தம்பி. நான்தான்.