நெஞ்சளவு உயரத் தட்டு

ஜெர்மனியில், எசன் நகரில் கோப்பை கழுவும் வேலையை விட்டுவிட்டுப் பையுடன் நடந்துகொண்டிருந்தேன். மழை பிடித்ததால் கெல்சென்கிர்ச்சன் போகும் ட்ராமில் ஏறினேன். முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். பிக்கப் வாகனத்தின் பின்னால் பூட்டும் தட்டொன்றின் படத்தைக் கணவர் கைபேசியில் காட்டினார்.

"முழுக்க அலுமினியம். இண்டைக்குப் பின்னேரமே பூட்டித் தருவாங்கள். பனியில ஓடுற ஸ்கூட்டர் ரண்டை ஏத்தலாம். சறுக்காது."

"எங்களிட்டை ஸ்கூட்டர் இருக்கே?"

"கனடாவில மச்சான் வச்சிருக்கிறான். அவன்ர பிக்கப்பிலயும் உந்தத் தட்டுத்தான்."

"அங்க பனி கொட்டுது. நாங்கள் பிக்கப் எடுத்தது கலியாணச் சோறு ஏத்த."

"சோத்தையும் ஏத்தலாம்."

"இஞ்சேருங்கோ, உது என்ர நெஞ்சளவு உயரம். இந்த முதுகோட அண்டா தூக்க எனக்கு ஏலாது. நாளைய சாப்பாட்டு ஓடரை விடவோ? பதிஞ்ச தட்டைப் பூட்டுவம்."

"கோடைக்கு மச்சான் ஊன்ட்றொப் கோயில் திருவிழாவுக்கு வாறான். வாகனத்தைப் பாப்பானெல்லோ?"

"பாக்கட்டும். அண்டாவை ஆர் தூக்கிறது?"

அவர் தட்டின் படத்தை இன்னொருமுறை பெரிதாக்கிப் பார்த்தார். "ஒரு ஆளைப் பிடிப்பம்."

அவர்கள் இறங்கிய இடத்தில் நானும் இறங்கினேன்.

மறுநாள் காலை முதல் அண்டாவை நெஞ்சளவு தூக்கி வைத்தேன். தரமான தட்டுத்தான். சறுக்கவில்லை.