போர்டு தாங்கும் வரை

பழைய மாட்டையாவது சந்தையில் விற்கலாம், சார். பழைய கம்ப்யூட்டரை யாரும் சீண்ட மாட்டார்கள். புதியது வாங்க வழியில்லாதவன் இருப்பதைத்தான் முடுக்கிப் பார்ப்பான். நானும் அதைத்தான் செய்தேன்.

என் பெயர் டேனி. சேவூரில் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போடுகிறவன். புட்டா, பார்டர், முந்தானை எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பேன். அதை வைத்து அட்டை குத்தித் தறியில் ஏற்றுவார்கள். முன்பெல்லாம் அதோடு என் வேலை முடிந்துவிடும். இப்போது சேலையை நெய்வதற்கு முன்பே, ஒரு பெண் அதை உடுத்தி நிற்கிற மாதிரி படம் கேட்கிறார்கள். செல்போனில் பார்த்துப் பிடித்தால்தான் ஆர்டர். அப்படி ஒரு படத்தை உருவாக்க என் கம்ப்யூட்டர் அரை நாள் திணறும். எனக்கு வேலை கொடுக்கிற சேலை வியாபாரி கமலக்கண்ணன் நல்ல மனிதர்தான். அவரும் ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். "டேனி, இப்படி ஆமை மாதிரி போயிகினு இருந்தா நான் காஞ்சிபுரத்துக்கே குடுத்துர்றேன்பா. ஜல்தியா முடி."

பின்னறையில் என் மனைவி ஜெசி இருந்தாள். அவளுடைய நுரையீரல் சுருங்கிக்கொண்டே வந்தது. எங்கள் சபையார் சேர்ந்து ஓர் ஆக்சிஜன் பெட்டி வாங்கிக் கொடுத்திருந்தார்கள். காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்துத் தரும், ஆனால் கரண்ட் வேண்டும். விரலில் மாட்டுகிற கருவியில் எண் தொண்ணூறுக்குக் கீழே இறங்கக் கூடாது என்று வேலூர் டாக்டர் சொல்லியிருந்தார். என் வேலை நின்றால் அந்தப் பெட்டியும் நின்றுவிடும். இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், சார். செய்ததெல்லாம் அவளுக்காகத்தான்.

என் ப்ராசசர் பத்து வருஷத்துக்கும் மேல் பழையது என்றாலும் நல்ல ஜாதி. அதன் வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம், செய்தவன் பூட்டுப் போடவில்லை. வேகத்தை ஏற்றினால் வோல்டேஜையும் ஏற்ற வேண்டும். வோல்டேஜ் ஏறினால் சூடும் ஏறும். கொஞ்சம் ஏற்ற வேண்டும், சோதனை ஓட்டிப் பார்க்க வேண்டும், நின்றுபோகவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்களே, அதே பொறுமைதான் இதற்கும். எழுதி வைத்திருக்கிற அளவு உண்மையான அளவு அல்ல என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. செய்கிறவன் பயந்துகொண்டு கொஞ்சம் மிச்சம் வைத்திருப்பான். அந்த மிச்சம் துணிந்தவனுக்குச் சேர வேண்டியது.

மதர்போர்டுதான் முட்டுக்கட்டை. மலிவான போர்டு. ப்ராசசருக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற சின்னச் சின்னச் சில்லுகள் அதில் மேலே ஒன்றும் இல்லாமல் மொட்டையாக நிற்கும். அவை சூடானால் போர்டு தானாகவே வேகத்தைக் குறைத்துவிடும். ஓடத் தயாராக நிற்கிறவனை ஒருவன் சட்டையைப் பிடித்து இழுத்தால் எப்படி இருக்கும்? எனக்கு ஆத்திரமாக வந்தது. பழைய ஸ்பேர் விற்கிற சுதாகரிடம் போய் யோசனை கேட்டேன்.

"ப்ராசசர் தாங்கும்ணா, போர்டு தாங்காது. கொள்ளிக்கட்டைய எடுத்து தலைய சொறிஞ்சிக்காத," என்றான். "அது ஏன் கொறைக்குதுன்னு பாரு. தன் உசுர காப்பாத்திக்கத்தான் கொறைக்குது."

நான் கேட்கவில்லை. பழைய ஆம்ப்ளிஃபையர் ஒன்றிலிருந்து அலுமினியத் தகட்டை அறுத்து அந்தச் சில்லுகளின் மேல் ஒட்டினேன். போர்டில் இருந்த பாதுகாப்பு வரம்புகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். ஓடியது. படம் பாதி நேரத்தில் முடிந்தது. கல்யாணத்தன்றுகூட நான் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை, சார்.

அதற்குப் பிறகு வந்த பேஜார் இன்வெர்ட்டர். முன்பு கரண்ட் போனால் கம்ப்யூட்டர், ஆக்சிஜன் பெட்டி இரண்டையும் சேர்த்தே அது இழுக்கும். வேகம் ஏற்றிய கம்ப்யூட்டரின் பசி அதிகம். இரண்டையும் இழுக்க முடியாமல் கத்திவிட்டு அணைந்துவிடும். அந்த மாதிரி நேரத்துக்கென்று ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்தோம். அது காலியாகக் கிடந்தது. நிரப்பி வர வேலூர் போயிருக்க வேண்டிய நாளில் நான் தகடு அறுத்துக்கொண்டிருந்தேன்.

முதல் தடவை கரண்ட் போனபோது கமலக்கண்ணனின் படம் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. ஜெசியேதான் சொன்னாள். "நீங்க வேலைய முடிங்க. கொஞ்ச நேரம் நான் சமாளிச்சிகினு இருக்கேன்."

பெட்டியின் பிளக்கை எடுத்தேன். எண் தொண்ணூறுக்குக் கீழே போனது, உதடு லேசாகக் கறுத்தது. மறுபடி பிளக்கைப் போட்டதும் ஏறிவிட்டது. அடுத்த தடவை இன்னும் கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்தேன். அதற்கடுத்த தடவை இன்னும் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் ஏறத்தான் செய்தது. டாக்டரும் பயந்துகொண்டு மிச்சம் வைத்துத்தான் சொல்லியிருக்கிறார் என்று புரிந்துகொண்டேன். பிறகு கரண்ட் இருக்கும்போதுகூட ஒன்றிரண்டு முறை அவள் தூங்குகையில் எடுத்துப் பார்த்தேன். எதையும் அதன் அளவு தெரியாமல் ஓட்டக் கூடாது இல்லையா?

மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இருக்காது என்று முந்தின நாளே அறிவித்திருந்தார்கள். செய்யாரில் இருக்கிற ஜெசியின் தங்கை சோபியா போன் செய்தாள். "அக்காவ இங்க இட்டுகினு வாங்க மாமா. எங்களுக்கு நாளைக்கு கரண்ட் கட் இல்ல."

வேலை அவசரம் என்று மறுத்துவிட்டேன். எங்கள் தெருவில் பவர்லூம்கள் ஓடும்போது வோல்டேஜ் ஆடும். உச்ச வேகத்தில் என் கம்ப்யூட்டர் நின்று நின்று போனதற்கு அந்த ஆட்டம்தான் காரணம் என்று முடிவு கட்டியிருந்தேன். இன்வெர்ட்டர் தருகிற மின்சாரம் ஆடாது. அப்படி ஒரு முழுப் பகல் எனக்குக் கிடைக்கிறது, அதை விட மனம் வரவில்லை.

காலையில் கரண்ட் போனதும் பெட்டியின் பிளக்கை எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை ஓடவிட்டேன். ஜெசி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"என்னங்க, முடியலங்க. போடுங்களேன்."

"கமலக்கண்ணன் வேலை ஜெசி. நடுவுல நிறுத்துனா எல்லாம் போயிடும்."

"அப்ப முடிச்சிடுங்க," என்றாள்.

பிறகு அவள் டம்ளரால் கட்டில் காலைத் தட்டினாள். பேச மூச்சில்லாமல் தட்டுகிறாள் என்று எனக்கு அப்போதே தெரியும். இன்வெர்ட்டர் தாங்க வேண்டுமே என்று டேபிள் ஃபேனையும் நிறுத்தியிருந்தேன். போர்டு கொதித்தது. நான் கையில் விசிறியை எடுத்துக்கொண்டு போர்டுக்கு வீசிக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தெருவில் பவர்லூம்கள் தடதடவென்று ஓடத் தொடங்கின. சொன்ன நேரத்துக்கு வெகு முன்பே கரண்ட் வந்துவிட்டது. பிளக் என் நாற்காலியிலிருந்து நாலு எட்டில்தான் கிடந்தது. தட்டுகிற சத்தம் தறிச் சத்தத்தில் கேட்கவில்லை என்று காலையில் உங்களிடம் சொன்னேன். தறி ஓடத் தொடங்குவதற்கு முன்பே அது நின்றுவிட்டது, சார். நான் எழுந்திருக்கவில்லை.

எழுதுகிற ஏட்டையாவிடம் இன்னும் ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள். வேலை அவசரம் என்று சொன்னது சரியில்லை. கமலக்கண்ணன் கேட்ட படங்களை முந்தின நாளே அனுப்பிவிட்டேன். நன்றாக வந்திருக்கிறது என்று அவர் பதிலும் போட்டிருந்தார். அன்று ஓடியது யாருடைய வேலையும் அல்ல. அந்த உச்ச வேகத்தில் கம்ப்யூட்டர் நிற்காமல் ஓடுமா என்று நான் ஓட்டிப் பார்த்த சோதனை. அது முடிந்த பிறகுதான் பின்னறைக்குப் போனேன்.

பாஸாகிவிட்டது, சார். ஒரு பிழைகூட இல்லை.